வேகமும் வழிவிடுதலும்

பாரம் இழுத்துச் செல்லும் வண்டி எவ்வளவு வேகத்தில் போகலாம் என்ற கேள்விக்கு எஞ்சின் ஒரு விடை சொல்லும், சாலையோரத்துப் பலகை ஒரு விடை சொல்லும், பின்னால் சுழலும் டயர் ஒரு விடை சொல்லும்; இம்மூன்றும் மாறுபடுகிற இடத்தில் எது மிகக் குறைவாகச் சொல்கிறதோ அதையே பிரமாணமாகக் கொள்ள வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில், முப்பதடி நீளமுள்ள வீட்டு டிரெய்லரை ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு குடும்பத்துடன் பிரயாணம் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் எஞ்சினின் விடையைத்தான் முதலில் கேட்கிறார்கள். இக்காலத்து எஞ்சினோ எட்டாயிரம் பவுண்டு பாரத்தை மணிக்கு 75 மைல் வேகத்தில் இழுக்கும்போதும் முனகுவதில்லை. உள்ளே அமர்ந்திருப்பவருக்குப் பின்னால் ஒரு வீடே தொடர்ந்து வருகிறது என்ற நினைவுகூட மறந்துபோகும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று சொல்வார்கள். எஞ்சினின் மௌனத்தை மட்டும் அப்படி எடுத்துக்கொள்ளலாகாது.

ஆகையால் டயரிலிருந்தே தொடங்குவோம். புறப்படும் நாளன்று, வெயில் ஏறுவதற்கு முன்பு, டிரெய்லரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருப்பவற்றைக் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வாசிக்க வேண்டும். எஸ்.டி. 225/75 ஆர் 15 என்றிருந்தால், முதலிரண்டு எழுத்துக்களும் அது டிரெய்லருக்கென்றே பிரத்தியேகமாகச் செய்யப்பட்ட டயர் என்பதைக் காட்டும். அதே அளவில் பாரவரிசை ‘இ’ என்று குறித்திருந்தால், குளிர்ந்த நிலையில் 80 பவுண்டு காற்றழுத்தம் இருக்கும்போது அந்த ஒரு டயர் 2,830 பவுண்டு சுமக்கும் என்றும் அருகிலேயே பொறித்திருப்பார்கள். இவ்வளவையும் வாசித்தவர்கள் பெரும்பாலும் அத்துடன் எழுந்துவிடுகிறார்கள். இன்னும் இரண்டு விஷயங்கள் பாக்கியிருக்கின்றன. முதலாவது, வேகத்தைக் குறிக்கும் தனி எழுத்து. அது ‘எல்’ ஆனால் மணிக்கு 75 மைல் வரையிலும், ‘எம்’ ஆனால் 81 மைல் வரையிலும் அந்த டயர் தாங்கும். எழுத்தே காணப்படாவிட்டால் 65 மைலைத் தாண்டலாகாது என்பது டிரெய்லர் டயர்களைப் பற்றி நெடுங்காலமாக இருந்துவரும் விதி. இரண்டாவது, டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள். அவை 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் அந்த டயர் பிறந்தது என்று அர்த்தம்.

பிறந்த வாரத்தை அறிவது எதற்கு என்று கேட்கலாம். வருஷத்தில் பல மாதங்கள் வீட்டு வாசலிலோ வாடகைக் கொட்டகையிலோ வெயிலைக் குடித்துக்கொண்டு நிற்கும் டிரெய்லரின் டயர், ஓடித் தேய்ந்து ஓய்வு பெறுவது அபூர்வம். மேலே பள்ளங்கள் புத்தம் புதிதாகத் தோன்றும்போதே உள்ளே ரப்பர் இறுகி வெடித்துப் போகும். ஐந்தாறு வயதான டயரை அது எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றிவிடுவதே விவேகம். ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்குப் பொது வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். ஆட்டோபானில் 100 கிலோமீட்டர் போக விரும்புகிறவர் அதற்கென்று தனி அனுமதி பெற வேண்டும், அந்த அனுமதிக்குரிய நிபந்தனைகளுள் ஒன்று டிரெய்லரின் டயருக்கு ஆறு வயது ஆகியிருக்கக் கூடாது என்பது. வேகத்தையும் டயரின் வயதையும் ஒரே முடிச்சில் போட்ட அந்தச் சட்டம் மற்ற தேசங்களும் பின்பற்றத் தக்கது என்பது என் அபிப்பிராயம். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து உஷ்ணத்தை உண்டாக்கிக்கொள்கிறது. வேகம் கூடினால் ஒரு நிமிஷத்தில் அது வளையும் தடவைகளும் கூடுகின்றன. கோடைகாலத்து அரிஸோனாவில் தார்ச்சாலையே கொதிக்கும்போது இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தால் பக்கவாட்டு கிழிந்து, கிழிந்த பட்டை டிரெய்லரின் அடிப்பக்கத்துக் குழாய்களையும் மின்கம்பிகளையும் அறுத்துவிட்டுத்தான் ஓயும்.

இனிச் சட்டத்தின் விடை. கலிஃபோர்னியாவில் வேறொரு வாகனத்தை இழுத்துச் செல்லும் எந்த வண்டியும் மணிக்கு 55 மைலை, அதாவது ஏறக்குறைய 88 கிலோமீட்டரை, மீறலாகாது. அதே சாலையில் பக்கத்துத் தடத்தில் போகும் கார்களுக்கு 65 அல்லது 70 மைல் அனுமதி இருப்பதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அன்றியும் அங்கே இழுத்துச் செல்பவர் வலக்கோடித் தடத்திலேயே போக வேண்டும்; ஒரு திசையில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள இடங்களில் மட்டும் அதற்கு அடுத்த தடத்தையும் உபயோகிக்கலாம். இங்கிலாந்தில் மோட்டார்வேயில் 60 மைல், நடுப்பிரிவு இல்லாத சாலையில் 50 மைல் என்பது வரம்பு; மூன்று தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வேகத் தடமாகிய வலக்கோடிக்கு டிரெய்லர் போகவே கூடாது. டெக்ஸாஸ் போன்ற மாநிலங்களிலோ 75 மைல் பலகைகள் சாதாரணம். ஆஸ்டினுக்குத் தெற்கே 130-ஆம் எண் சாலையின் ஒரு பகுதியில் 2012 முதல் 85 மைல் வரையில் அனுமதித்திருக்கிறார்கள். ஒரு மாநிலத்தின் எல்லையைக் கடந்ததும் சட்டம் மாறும், டயர் மாறாது என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

எண்ணெய் நெருக்கடி வந்தபோது, 1974-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்கத் தேசம் முழுவதற்குமே 55 மைல்தான் உச்சவேகம் என்று ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்டார். 1987-இல் கிராமப்புறத்து இன்டர்ஸ்டேட் சாலைகளில் அது 65 ஆகத் தளர்ந்தது. 1995-இல் தேசிய வரம்பே நீங்கி, மாநிலங்கள் தத்தம் இஷ்டப்படி விதித்துக்கொள்ளத் தொடங்கின. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு பெருந்தேசம் அந்த வேகத்தை முணுமுணுத்துக்கொண்டேயானாலும் சகித்திருந்தது என்பதை, 60 மைலில் போனால் ஊர் போய்ச் சேர மாட்டோம் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்லி வைக்கலாம்.

சட்டம் தாராளமாக இடம் கொடுக்கும் சாலையிலும், பெரிய டிரெய்லருக்கு மணிக்கு 60 மைல், தரை சமமாகவும் காற்று அடங்கியும் இருந்தால் இரண்டு மூன்று மைல் கூட, இதுவே நான் சொல்லக்கூடிய யோசனை. காரணம் கணக்கில் இருக்கிறது. ஓடும் பாரத்தில் அடங்கியுள்ள சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி வளர்வதால், 55 மைலில் இருப்பதைக் காட்டிலும் 65 மைலில் அது ஏறக்குறைய நாற்பது சதவிகிதம் அதிகம். நிறுத்தும்போது அத்தனையையும் பிரேக்குகள்தாம் உஷ்ணமாக்கித் தீர்க்க வேண்டும். எட்டடி அகலமும் பதினோரடி உயரமுமாகக் காற்றை எதிர்த்து நிற்கும் முகப்புக்கு ஏற்படும் தடையும் அதே கணக்கில்தான் உயர்கிறது. பெட்ரோல் செலவு எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பவர்கள் அங்கே பார்க்கலாம். இத்தனை செலவுக்கும் கிடைக்கும் லாபமோ மிகச் சொற்பம். முந்நூறு மைல் தூரத்தை 60 மைல் வேகத்தில் ஐந்து மணி நேரத்திலும், 65 மைல் வேகத்தில் நாலு மணி முப்பத்தேழு நிமிஷத்திலும் கடக்கலாம். மிச்சமாகும் இருபத்து மூன்று நிமிஷம், வழியில் ஒருமுறை இறங்கிக் காப்பி குடிப்பதற்குள் போய்விடும். டிரெய்லர்க்காரர்களிடையே ‘மூன்று மூன்று மூன்று’ என்று ஒரு வாய்மொழி வழக்கு உண்டு: நாளொன்றுக்கு முந்நூறு மைலுக்கு மேல் போகாதே, மாலை மூன்று மணிக்குள் தங்குமிடம் சேர், சேர்ந்த இடத்தில் மூன்று இரவு தங்கு. மூன்றாவது பாகத்தை விடுமுறை குறைந்தவர்கள் அனுசரிக்க முடியாது. முதலிரண்டையும் எவரும் அனுசரிக்கலாம்.

வேகத்தின் அபாயங்களுள் தலையானது டிரெய்லரின் ஆட்டம். இழுக்கும் வண்டியும் இழுபடும் டிரெய்லரும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே, காற்று தட்டியோ சக்கரம் பள்ளத்தில் இறங்கியோ பின்பகுதி பக்கவாட்டில் அசைந்தால், அந்த அசைவு இரண்டு மூன்று தடவையில் தானாகவே அடங்கிவிடும். எல்லைக்கு மேலே போய்விட்டால் ஒவ்வொரு அசைவும் முந்தியதைவிடப் பெரிதாக வளர்ந்து, கடைசியில் இழுக்கும் வண்டியையே திருப்பிப் போட்டுவிடும். அந்த எல்லை எத்தனை மைல் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருப்பதில்லை. அது பெரும்பாலும் பாரத்தை நாம் எப்படி ஏற்றினோம் என்பதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. மாட்டுவண்டியில் நெல்மூட்டை ஏற்றிப் பழகிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை: பின்பாரமாகப் போனால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே எழும்பும், முன்பாரம் மிஞ்சினால் மாடு தலையைத் தொங்கப் போட்டுவிடும், ஆகையால் கடைசி மூட்டை இரண்டையும் வண்டிக்காரன் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்த பிறகே வண்டியைக் கிளப்புவான். டிரெய்லருக்கு இந்த முன்பாரம் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவிகிதம் இருக்க வேண்டும். எட்டாயிரம் பவுண்டு டிரெய்லரானால், கொக்கியின் உருண்டைமேல் 800-லிருந்து 1,200 பவுண்டு வரையில் அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆட்டம் சீக்கிரமே தலைகாட்டும். மிஞ்சினால் இழுக்கும் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்கள் பிடிப்பிழந்து, ஸ்டியரிங் லேசாகிவிடும். பெரிய டிரெய்லர்களுக்குச் சமன்கம்பிகள் பொருத்திய கொக்கி வைப்பது இதற்காகவே.

கண்ணால் பார்த்து இந்த எடையை நிதானிக்க முடியாது. லாரிகள் தங்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் ‘கேட் ஸ்கேல்’ என்ற எடைமேடை இருக்கும். சில டாலர் கொடுத்து, இழுக்கும் வண்டியைத் தனியாக ஒருமுறையும், சமன்கம்பிகளைக் கழற்றிவிட்டு டிரெய்லரை மாட்டிய நிலையில் ஒருமுறையும் நிறுத்தினால், இரண்டு சீட்டிலும் இழுக்கும் வண்டியின் அச்சுகளுக்கு எதிரே காணும் எடைகளின் வித்தியாசமே முன்பாரம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது மிகவும் அவசியம். அரிசி மூட்டையும் கிரைண்டரும் பின்பக்கத்து அலமாரியில் ஏறிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். 1954-இல் வெளிவந்த ‘தி லாங், லாங் டிரெய்லர்’ என்ற ஹாலிவுட் படத்தில், லூசில் பால் நடித்த புதுமணப்பெண் போகும் ஊரிலெல்லாம் ஞாபகார்த்தமாகக் கல் பொறுக்கி டிரெய்லருக்குள் சேர்த்துக்கொண்டே வருவாள். மலைச்சாலை ஏறும்போது அந்தக் கற்கள் என்ன பாடு படுத்துகின்றன என்பதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. டிரெய்லர் வைத்திருப்பவர்கள் மட்டும் சற்றுக் குறைவாகச் சிரிப்பார்கள்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் மனித சுபாவம் இரண்டு காரியங்களைச் செய்யத் தூண்டும், இரண்டுமே விபரீதமானவை. ஒன்று காலால் பிரேக்கை அழுத்துவது. இழுக்கும் வண்டி மட்டும் சட்டென்று தளர, பின்னால் வரும் பாரம் அதை முட்டித் தள்ளும். மற்றொன்று ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பி ஆட்டத்தோடு மல்லுக்கு நிற்பது. கை எப்போதும் ஓர் அசைவு பிந்தியே திரும்புமாதலால் அது ஆட்டத்துக்கு ஊட்டம் கொடுப்பதாகவே முடியும். செய்ய வேண்டியவை வேறு இரண்டு: ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருப்பதும், டாஷ்போர்டில் உள்ள பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியை அழுத்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிப்பதும். பின்னால் இருப்பது முதலில் தயங்கினால் இரண்டும் மறுபடியும் ஒரே கோட்டில் நீண்டு நிற்கும். வேகத்தைக் கூட்டி டிரெய்லரை நேராக்கிவிடலாம் என்று உபதேசம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லையைத் தாண்டியதால் வந்த வியாதிக்கு இன்னும் தாண்டுவது மருந்தாகாது. அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதைக் கண் தேடாமல் கை தேடிக் கண்டுபிடிக்கும்படி, வீட்டைவிட்டுப் புறப்படும் முன்பே சில தடவை தொட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்.

முன்னால் போகிறவருக்கும் நமக்கும் இடையே விடவேண்டிய தூரத்தைப் பற்றி, அமெரிக்காவில் லாரி ஓட்டுகிறவர்களுக்குப் போதிக்கும் கணக்கு நமக்கும் பொருந்தும். மொத்த நீளத்தில் ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு விநாடி, 40 மைலுக்கு மேல் போனால் இன்னும் ஒரு விநாடி. இருபதடிப் பிக்கப்பும் முப்பதடி டிரெய்லருமாக ஐம்பதடி ஆனால் ஆறு விநாடி. 60 மைலில் வண்டி விநாடிக்கு 88 அடி ஓடுமாதலால் அது 528 அடி. நகரத்தை நெருங்கும் சாலையில் இவ்வளவு இடம் விட்டால் யாராவது வந்து நுழைந்துகொண்டே இருப்பார்கள் என்பது உண்மைதான். நுழையட்டும், ஒரு மைல் வேகத்தைத் தளர்த்தினால் இடைவெளி மறுபடி உண்டாகிவிடும். இடைவெளியைக் காப்பாற்றுவதற்காக முன்னவரின் முதுகை ஒட்டிக்கொண்டு போகிறவர் எதைக் காப்பாற்றுகிறார் என்பது எனக்கு விளங்கியதில்லை.

மலை இறக்கம் இதைவிடக் கடுமையான பரீட்சை. கொலராடோவில் 70-ஆம் எண் இன்டர்ஸ்டேட் சாலை ஏறக்குறைய 11,000 அடி உயரத்தில் ஐஸன்ஹோவர் சுரங்கத்தைக் கடந்து, மேற்கே சில்வர்தார்ன் ஊரை நோக்கி இறங்கும் மைல்களில், பிரேக் அற்றுப்போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று சாலையோரத்தில் சரளை மேடுகள் போட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்த பிறகும் ஒருவருக்கு எச்சரிக்கை வராவிட்டால் நூல் எழுதி வருவிக்க முடியாது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துச் சிறிய கியருக்கு மாற்றிக்கொண்டு, எஞ்சினே பாரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும்படி விட வேண்டும். பாதி வழியில் வேகம் மிஞ்சிய பிறகு கியரை மாற்ற முயல்வது காலம் கடந்த காரியம். பிரேக்கின்மேல் காலை வைத்தபடியே இறங்கினால் உஷ்ணம் ஏறி ஏறிப் பிடிப்பு மங்கிவிடும். நிதானமான வேகம் 40 மைல் என்று வைத்துக்கொண்டால், முள் 40-ஐத் தொட்டதும் திடமாக மிதித்து 35-க்குக் கொண்டுவந்து, காலை முழுவதும் எடுத்துவிட்டு, மறுபடி 40-ஐத் தொடும் வரையில் பிரேக்கை ஆறவிட வேண்டும். இப்படி இறங்கும் வண்டியைப் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் துரத்தக்கூடும். இது ஒன்றில் மட்டும் அவர்களுடைய அவசரத்துக்குத் தாட்சண்யம் காட்ட வேண்டியதில்லை.

காற்றுக்கும் அப்படியே. வயோமிங் மாநிலத்தில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே, எல்க் மலையை ஒட்டிப் போகும் 80-ஆம் எண் இன்டர்ஸ்டேட் சாலை, குளிர்காலத்தில் பக்கவாட்டுக் காற்றுக்குப் பேர்போனது. பாரம் குறைந்த உயரமான வண்டிகளுக்குச் சாலை மூடப்பட்டிருக்கிறது என்று அங்கே மின்பலகையில் அறிவிப்பார்கள். நம்முடைய டிரெய்லர் எவ்வளவு கனமென்று நாம் நினைத்தாலும், அந்த அறிவிப்பு நமக்குத்தான். வேகத்தைக் குறைத்துக்கொண்டு போய்விடலாம் என்று தைரியம் கொள்ளாமல், லாரிகளே வரிசையாக நின்று காத்திருக்கும் இடத்தில் நாமும் ஓரிரவு நின்றுவிடுவது உத்தமம்.

இதுவரையில் சொன்னவற்றை அனுசரிக்கிறவர் சாலையில் மற்றெல்லோரையும்விட மெதுவாகப் போகிறவராக ஆகிவிடுகிறார். அந்த க்ஷணத்திலிருந்து அவருக்குச் சில கடமைகள் ஏற்படுகின்றன. மெதுவாகப் போவதையே ஒரு புண்ணிய காரியமாகப் பாவித்து, பின்னால் சேரும் கூட்டத்தைத் திரும்பிப் பாராமல் போகிறவர், முட்டிக்கொண்டு முந்துகிறவரைப் போலவே மற்றவர்களின் உயிரோடு விளையாடுகிறார். அவர் பின்னால் பொறுமை இழந்த யாரோ ஒருவர் வளைவில் குருட்டுத்தனமாக எதிர்த்தடத்தில் பாய்வதற்கு அவரும் ஒரு காரணம். கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் இது சட்டமாகவே இருக்கிறது: திசைக்கு ஒரு தடமுள்ள சாலையில், மெதுவாகப் போகும் வண்டியின் பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால், பத்திரமாக ஒதுங்கக்கூடிய அடுத்த இடத்தில் ஒதுங்கி அவற்றைப் போகவிட வேண்டும். ஐந்தாவது வண்டி வரட்டும் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மூன்று சேர்ந்ததுமே ஒதுங்கிவிடலாம். ஒதுங்குமிடம் நம் நீளத்துக்குப் போதுமா, வெளியே வரும்போது பின்னால் பார்வை எட்டுமா என்று முன்கூட்டியே பார்த்து, சிக்னலைச் சீக்கிரமாகப் போட்டு, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து நுழைய வேண்டும்.

சாலையில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் வழக்கம் ஒன்றுண்டு; டிரெய்லர்க்காரர்களிடம் அது அதிகம். வளைவுகளிலெல்லாம் 45 மைலில் ஊர்ந்து வந்தவர், முந்துவதற்கென்று ஒரு தனித் தடம் திறந்த மாத்திரத்தில், சாலை அகன்றும் நேராகவும் இருப்பதைக் கண்டு உற்சாகம் கொண்டு 65-க்குப் பறக்கிறார். பின்னால் பல மைல் காத்துக்கொண்டு வந்தவர்கள் அவரை முந்த வேண்டுமானால் 80-இல் போக வேண்டியிருக்கிறது. தடம் முடிந்ததும் அவர் மறுபடி 45-க்கு இறங்கிவிடுகிறார். கெட்ட எண்ணம் இதில் கடுகளவும் இல்லை, கவனக்குறைவுதான். ஆயினும் பின்னால் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முந்து தடம் வந்தால் வலப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அதே வேகத்தில், முடிந்தால் இரண்டு மைல் குறைத்தே, போக வேண்டும்.

பெரிய லாரி நம்மை முந்தும்போது நடப்பதைக் கொஞ்சம் உன்னித்துப் பார்க்கலாம். இடப்பக்கத்துக் கண்ணாடியில் அது பெரிதாகிக்கொண்டே வந்து, அதன் முகப்பு டிரெய்லரின் பின்மூலையை எட்டியதும், அது முன்னே தள்ளிக்கொண்டு வரும் காற்று டிரெய்லரின் வாலை வலப்பக்கமாக ஒதுக்குகிறது. வால் வலப்புறம் போக, நம் வண்டி ஒரு பக்கமாக இழுபடுவது போல் கையில் தெரியும். புதிதாக ஓட்டுகிறவர்கள் இங்கே திடுக்கிட்டு ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பிவிடுகிறார்கள். கண்ணாடியில் லாரி தோன்றியபோதே நம் தடத்துக்குள் வலப்புறமாக ஓர் அடி நகர்ந்துகொண்டு, காலைச் சற்றுத் தளர்த்தி, இரண்டு கைகளாலும் ஸ்திரமாகப் பிடித்திருந்தால், அந்த இழுப்பு வந்தது தெரியாமல் போய்விடும். தளர்த்துவதால் லாரி சீக்கிரம் கடந்துபோகும் என்பது இன்னொரு லாபம். அதன் பின்புறம் நம் முன்புறத்தைத் தாண்டிப் போதிய இடம் ஏற்பட்டதும், பகல் வேளையானால் முன்விளக்கை ஒருதரம் மினுக்கிக் காட்டுவது சாலை மரியாதை. இனி எங்கள் தடத்துக்கு வரலாம் என்று அர்த்தம். லாரிக்காரர் வந்து சேர்ந்ததும் தம் பின்விளக்குகளை இரண்டுதரம் மினுக்குவார், அது நன்றி. இரவில் உயர்விளக்கைப் பாய்ச்சினால் அவருடைய கண்ணாடிகள் நிறைந்து கண் கூசும், அது மரியாதையாகாது.

நாமே ஒரு லாரியை முந்த வேண்டிய சந்தர்ப்பம் இதைவிட அபூர்வமாக வர வேண்டும். இரண்டே தடங்கள் உள்ள இடத்தில், ஒரு மைல் வேக வித்தியாசத்தை நம்பி இடப்பக்கம் ஏறி, இரண்டு நிமிஷம் லாரியோடு தோளோடு தோளாக ஓடிப் பின்னால் ஒரு ஊர்வலத்தைச் சேர்ப்பதைவிட, அந்த ஒரு மைலை விட்டுக்கொடுத்துவிடலாம். ஏறுசாலை வழியே புதிதாக நுழைகிறவர்களுக்கு, நமக்குப் பக்கத்துத் தடத்தில் இடமும் அனுமதியும் இருந்தால் முன்கூட்டியே ஒதுங்கி வழிவிடலாம். இல்லையேல் வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஒரே நிலையில் போவதுதான் உபகாரம், நம் போக்கு நிச்சயமாகத் தெரிந்தால் அவர்கள் முன்னாலோ பின்னாலோ தங்கள் இடத்தை அமைத்துக்கொள்வார்கள். சாலையோரத்தில் போலீஸ் வண்டியோ ஆம்புலன்ஸோ விளக்குடன் நிற்கக் கண்டால் ஒரு தடம் தள்ளிப் போக வேண்டும், தள்ள முடியாவிட்டால் வேகத்தை நன்றாகக் குறைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் சட்டம் இருக்கிறது. ஐம்பதடி நீளத்தைத் தள்ளுவதற்கு நேரம் வேண்டுமாதலால், தூரத்தில் விளக்கு தெரிந்த உடனேயே சிக்னலைப் போட்டுவிட வேண்டும்.

பெட்ரோல் நிலையத்தில் நுழைவதற்கு முன்பு, அதைவிட்டு வெளியேறும் வழியைக் கண்ணால் அளந்துகொள்வது நல்லது. திரும்பும்போது டிரெய்லரின் சக்கரங்கள் நம் சக்கரங்களைவிட உள்வாங்கியே வருமாதலால், திருப்பத்தில் மஞ்சள் அடித்து நிற்கும் காவல்தூண்களுக்குப் பலியான டிரெய்லர்கள் ஏராளம். நேராக உள்ளே புகுந்து நேராக வெளியேறும்படி அமைந்த ஓரத்துப் பம்பையே தேட வேண்டும். பெட்ரோல் போட்டு முடிந்ததும், குழந்தைகள் கழிப்பிடம் போய் வருவதற்கும் மற்றவர்கள் காப்பி வாங்குவதற்கும் வண்டியைப் பம்பின் அருகிலேயே விட்டுப் போகாமல், லாரிகள் நிற்கும் மைதானத்தின் ஓரத்துக்கு அதை நகர்த்தி நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். நம் டிரெய்லர் மறித்து நிற்பது ஒரு பம்பை அன்று, இரண்டை.